கெட்டி ஆயிலும் கிழட்டு வண்டியும்

எங்க அப்பாவோட ஸ்ப்ளெண்டர் 2004-ல் வாங்கியது. டேங்கில் இன்னும் 'ஹீரோ ஹோண்டா' என்றே இருக்கிறது. அந்த ரெண்டு கம்பெனியும் பிரிந்து வருஷம் பல ஆகிவிட்டது, வண்டிக்குத்தான் யாரும் சொல்லவில்லை :-)

போன வருஷம் அது காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை விட ஆரம்பித்தது. கூடவே தலைப்பக்கம் டிக் டிக் சத்தம். எங்க தெரு மெக்கானிக்குக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வண்டிக்கு வயசாயிடுச்சு தம்பி. இனிமே கெட்டி ஆயில் ஊத்து, சரியாயிடும்." பீரோவில் இருந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தது. அவர் ஊற்றியது 20டபிள்யூ-40.

நான் படிப்பது பி.காம். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு பெட்ரோல் போடுவதோடு சரி. ஆனாலும் கையேடு ஒன்று சொல்ல, அனுபவம் வேறொன்று சொன்னால் யாரை நம்புவது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான்: அந்த மெக்கானிக் சொன்னது பொய் இல்லை. வேறொரு வண்டிக்கான உண்மை.

கொஞ்சம் பின்னாடி போகலாம். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-ல்தான் எஞ்சின் ஆயிலுக்கு முதன்முதலாக ஒரு தரப் பிரிவு கொண்டுவந்தது. ஆயிலின் தடிமனைப் பார்க்க அந்தக் காலத்தில் ஒரு எளிய வழி இருந்தது. சூடாக்கிய ஆயில் 60 மில்லி ஒரு சிறு துளை வழியே ஒழுகி முடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். மெதுவாக ஒழுகினால் கெட்டி. அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் என்னவென்றால் ஆயில் தேன் மாதிரி. குளிரில் இறுகும், சூட்டில் தண்ணீராய் ஓடும். அதனால் கோடைக்கு ஒரு ஆயில், குளிருக்கு ஒரு ஆயில் என்று மாற்றினார்கள். பனி கொட்டும் ஊர்களில் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து ஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு. 1929-ல் டீன், டேவிஸ் என்ற ரெண்டு பேர், சூட்டுக்கு ஒரு ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதற்கு மதிப்பெண் போடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பென்சில்வேனியா ஆயிலுக்கு 100, வளைகுடாக் கரை ஆயிலுக்கு 0. 1930-களில் 'டபிள்யூ' வந்தது. (வெயிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விண்டராம்!) 1950-களில் பாலிமர் கலந்த மல்டிகிரேடு ஆயில் பரவியது. குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிந்து ஆயிலைத் தாங்கிப் பிடிக்கிற நீள மூலக்கூறுகள் அவை.

இங்கேதான் கதையில் ஒரு குட்டிக் கார் வருகிறது. 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி. இடத்தை மிச்சம் பிடிக்க அலெக் இசிகோனிஸ் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியிலேயே வைத்துவிட்டார். ரெண்டுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் அந்த நீளமான பாலிமர்களைக் கரும்பு மாதிரி நசுக்கித் துண்டாக்கிவிடும், ஆயில் சீக்கிரமே நீர்த்துப் போகும். அதற்குத் தாக்குப்பிடிக்கிற ஆயில் தேடப்போய்த்தான் இங்கிலாந்தில் 20டபிள்யூ-50 பேர் வாங்கியது. டக்ஹாம்ஸ் கம்பெனி இதில் பிரபலம். 1968-ல் காஸ்ட்ரால் ஜிடிஎக்ஸ் வந்தது.

நம் நாட்டில் அப்போது ஓடியதெல்லாம் யாருடைய வண்டிகள்? அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மறுபிறவி. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட்டும் இங்கிலாந்து வரைபடம்தான். இந்தக் கார்களில் கிராங்க் ஷாஃப்ட், உராய்வுப் பட்டைகளின் நடுவே ஒரு ஆயில் படலத்தில் மிதந்து சுற்றும். தேயத் தேய இடைவெளி கூடும், ஆயில் ஓரமாய் வழிந்து அழுத்தம் குறையும். கெட்டி ஆயில் ஊற்றினால் அவ்வளவு வேகமாக வழியாது, அழுத்தம் ஏறும், சத்தம் குறையும். ஆகவே அந்த வைத்தியம் அங்கே பலித்தது. நம்ம மெக்கானிக் தொழில் பழகியது ஒரு அம்பாசிடர் ஒர்க்‌ஷாப்பில். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது எஞ்சினின் சாதியே மாறிவிட்டது. ஸ்ப்ளெண்டர் அதன் தம்பி. இதில் கிராங்க் உருளும் பேரிங்கில் சுற்றுகிறது, படல அழுத்தத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆயில் சட்டென்று மேலே ஏறி ஹெட்டில் இருக்கும் கேமையும் ராக்கரையும் நனைக்க வேண்டும், அதுதான் முக்கியம். எஞ்சின் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எந்தக் கடையிலும் 20டபிள்யூ-40 கிடைத்தது, எல்லாரும் அதையே ஊற்றினார்கள்.

கையேட்டையும் வேதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கா கார்களுக்கு மைலேஜ் சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் மொத்தக் கார்களின் சராசரிக்குக் கணக்கு. இளகிய ஆயிலால் ஒரு காருக்குக் கிடைக்கும் லாபம் துளிதான், ஆனால் லட்சக்கணக்கான கார்களால் பெருக்கினால் அபராதம் தப்பும். (இந்த இடத்தில்தான் என் பி.காம் மூளை விழித்துக்கொண்டது.) 2001-ல் ஃபோர்டும் ஹோண்டாவும் அங்கே 5டபிள்யூ-20-க்கு இறங்கின. 2013-ல் எஸ்.ஏ.இ. 16 என்ற புது எண்ணையும், 2015-ல் 12, 8 ஆகியவற்றையும் சேர்த்தது. ஆக, புத்தகத்தில் இருக்கும் எண்ணில் எஞ்சின் பாதி, சட்டம் பாதி. ஆனால் எங்கள் ஸ்ப்ளெண்டரின் 10டபிள்யூ-30-க்கும் அந்த அமெரிக்கச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது எஞ்சினுக்காகவே சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, அப்பா வண்டி என்ன ஆச்சு? கெட்டி ஆயில் ஊற்றியதும் சத்தம் அடங்கியது, புகையும் குறைந்தது. மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் கையேட்டைப் பீரோவில் வைத்துவிட்டேன். நாலாவது மாதம் புகை திரும்பியது, சத்தம் டிக் டிக்கில் இருந்து டக் டக் ஆனது. பிரித்துப் பார்த்தால் வால்வு சீல் காய்ந்து வெடித்திருந்தது. ஆயில் அந்த வழியாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. புகை இல்லையே என்று அப்பா ஆயில் அளவைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆயில் பாதிக்கும் கீழே இருந்தது. கேம் பல்லில் நகத்தால் தடவினாலே தெரிகிற பள்ளம்.

கெட்டி ஆயில் கேமைத் தின்னவில்லை. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய சீல் வேலையை நாலு மாதம் மறைத்தது. கடைசியில் சீல், கேம், ராக்கர் எல்லாம் சேர்த்து, என் ஒரு செமஸ்டர் ஃபீஸில் பாதி போனது. மெக்கானிக் பழைய கேமைக் கையில் வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். "புஸ்தகத்துல என்னப்பா போட்டிருந்துச்சு?" என்று என்னிடமே கேட்டு, 10டபிள்யூ-30 வாங்கி வரச் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்ப்பது என் வேலை. டப்பாவில் மிச்சம் இருந்த 20டபிள்யூ-40 தங்கையின் சைக்கிள் செயினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.