தேக்கடியில் போட்டை விட்டு இறங்குங்க... காட்டுக்குள்ள நடந்து பார்க்கலாம்!

தேக்கடி போனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பத்தில் எட்டுப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வாங்க. போட் டிக்கெட்டுக்கு அலைந்தது, ஏரிக்கு நடுவே நிற்கும் பட்டமரங்களோடு செல்ஃபி எடுத்தது, தூரத்தில் புள்ளியாக யானை தெரிந்தது, வரும் வழியில் ஏலக்காய் வாங்கியது. இந்த லிஸ்ட்டில் காடு எங்கே பாஸ்?

பெரியார் புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். போட்டில் இருந்து நீங்கள் பார்ப்பது அதன் ஓரம் மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நடக்கணும். ஆனால் தனியாக நடக்க அனுமதி கிடையாது, வனத்துறை வழிகாட்டி கூட வருவார். உண்மையில் இந்தப் பயணத்தின் ஹீரோவே அவர்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காட்டில் வயணம் என்று ஒரு மரம் உண்டு, இலவங்கப்பட்டை வகை. அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்ற ஒரு கூட்டம், வனத்துறைக்குப் பல வருடங்கள் தலைவலியாக இருந்தது. 1996-ல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கேரள வனத்துறை அந்த ஆட்களிடமே பேசி, அவர்களைக் குழுவாக்கி, காவலுக்கும் வழிகாட்டும் வேலைக்கும் கொண்டு வந்தது. எந்த மேட்டில் யானை இறங்கும், எந்தப் பள்ளத்தில் ஒளியலாம் என்று ஒளிந்து திரிந்தே கற்றவர்கள். இரவு காட்டிலேயே தங்கும் 'டைகர் டிரெயில்' நடை அப்படித்தான் உருவானது. பகல் நடைகளில், இந்தக் காட்டின் பூர்வகுடிகளான மன்னான், பளியர் சமூக வழிகாட்டிகளும் வருவார்கள். 2002-ல் இருந்து உள்ளூர்ப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் சம்பளம் வாங்காமல் ரோந்து போகிறார்கள் என்பது கூடுதல் தகவல்.

நீங்கள் கட்டும் நடைக் கட்டணத்தில்தான் இந்த ஆட்களின் பிழைப்பு ஓடுகிறது. அது நின்றால் காட்டுக்குக் காவலும் குறையும்.

எந்த நடை உங்களுக்கு?

முதல் தடவை போறீங்கன்னா 'நேச்சர் வாக்' போதும். ஏறக்குறைய மூன்று மணி நேரம், சின்னக் குழு. காலை முதல் பேட்ச்சைப் பிடியுங்கள், வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். முழு நாள் வேண்டுமா? 'பார்டர் ஹைக்கிங்' கேரள - தமிழக எல்லை மேடுகளில் ஏறி இறங்கும் நடை, மூச்சு வாங்கும். என் ஓட்டு 'பாம்பு ராஃப்டிங்'குக்கு. பாதி நாள் நடை, மீதி நேரம் ஏரியில் மூங்கில் தெப்பம். மோட்டார் சத்தம் இல்லாததால், கரையில் தண்ணீர் குடிக்கும் காட்டுமாடு தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டே இருக்கும். நீர்நாய்க் கூட்டம் கண்ணில் பட்டால் அன்றைக்கு உங்களுக்கு லக்!

புலி? இருக்கிறது, ஆனால் பகல் நடையில் பார்ப்பது ரொம்ப அபூர்வம். மரத்தில் நகக்கீறல், சேற்றில் காலடித்தடம், இவற்றைத்தான் வழிகாட்டி காட்டுவார். திடீரென்று கருமந்திகள் கத்தினால் அவர் நின்றுவிடுவார். நீங்களும் அசையாமல் நில்லுங்கள். கீழே ஏதோ நடமாடுகிறது என்று அர்த்தம். மேலே பாருங்கள், மலை அணில் தாவும், இருவாட்சி பறந்தால் சிறகுச் சத்தமே தனியாகக் கேட்கும். யானை எதிர்ப்பட்டால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றுதான் வழிகாட்டி முதலில் பார்ப்பார், ஏனென்றால் அதற்கு மோப்பம் பயங்கர ஷார்ப். பின்வாங்கச் சொன்னால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். 'அண்ணா, ரீல்ஸுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாமா' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் லைக்குக்காக ரிஸ்க் எடுக்கப் போவது அவர் உயிரும் சேர்த்துத்தான்.

எப்போ, எப்படி?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நடக்க இதமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் உண்டு, ஆனால் காட்டுக்குள் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். மழைக்காலத்தில் அட்டைகள்தான் விருந்தாளிகள். கவர் சாக்ஸ் அங்கேயே தருவார்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பதறாதீங்க. சபரிமலை சீசனில் குமுளி நிரம்பி வழியும், அறை கிடைப்பது கஷ்டம்.

மதுரையில் இருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு பஸ் இருக்கிறது, சுமார் நான்கு மணி நேரம். டிக்கெட்டை காப்பகத்தின் அதிகாரபூர்வ தளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். சாலையில் நின்று 'புலி காட்டுறேன் சார்' என்று கூப்பிடுபவர்களை நம்ப வேண்டாம். அடையாள அட்டை, பச்சை அல்லது காக்கி நிறச் சட்டை, பாட்டிலில் தண்ணீர். பெர்ஃப்யூம் வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். நீங்கள் பார்க்கும் அந்த ஏரி, 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால் உருவானது. அந்தப் பட்டமரங்கள் அப்போது மூழ்கிய காடு. இந்தக் காட்டில் சேரும் மழைதான் சுரங்கம் வழியாக வந்து கம்பம் பள்ளத்தாக்கின் வயலில் பாய்கிறது. திரும்பும்போது பஸ்ஸின் ஜன்னல் சீட்டைப் பிடித்தால் பார்த்துக்கொண்டே வரலாம். ஏறும் முன் ஷூவை ஒரு தடவை உதறிவிடுங்கள், அட்டை மதுரை வரைக்கும் வரும்.