கண்ணுள்ள புயலும் கண்ணில்லாப் புயலும்

பதுளைக்கு முந்தைய புகையிரத நிலையம் ஹாலிஎல. இந்த மலைநாட்டுச் சிற்றூரிலிருந்து பார்த்தால் சூறாவளி என்பது கீழே, கரையோர மக்களின் துயரமாகவே நெடுங்காலம் தோன்றிவந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பு சின்னாபின்னமாகி, ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர்.

இத்தகைய பெரும் சுழற்காற்றுக்கு, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்குளோன்' என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் மாலுமிகளுக்கென அவர் எழுதிய நூலில் அச்சொல் இடம்பெற்றது.

அச்சுருளின் நடுவே இருப்பதுதான் 'கண்'. கடல்மட்டத்தில் மையம் நோக்கி விரையும் காற்று, நெருங்க நெருங்க வேகமாகச் சுழல்கிறது. ஓர் எல்லைக்குமேல் உட்புக இயலாமல் மதிற்சுவர்போல் மேலெழுகிறது. அச்சுவருக்குள் காற்று மெல்லக் கீழிறங்கி, வெப்பமடைந்து, முகில்களைக் கரைக்கிறது. அமைதி கண்டு வெளியே வந்தவரை, கண் கடந்தபின் எதிர்த்திசைக் காற்று தாக்கும்.

காற்று ஏன் நடுவில் கீழிறங்க வேண்டும்? 2017இல் ஒரூபா, டேவிட்சன், டோர்மி ஆகிய மூவர் கணினியில் விடை தேடினர். மழையோ முகிலோ இல்லாத, அடியில் சூடாக்கப்பட்ட, சுழலும் பாய்மத்திலும் கண் திறந்தது. அடித்தளத்தோடு உராய்வதால் பிறக்கும் சுழிப்பு, சுவர்வழியே மேலேறி, உள்ளிருக்கும் பாய்மத்தையும் எதிர்த்திசையில் உருட்டிவிடுகிறது என்று அவர்கள் காட்டினர். பாய்மத்தின் பிசுக்கு மிகுந்தால் கண் திறப்பதில்லை.

ஆகவே கண் என்பது முதிர்ந்த புயலின் அடையாளம். 2025 நவம்பர் 28 அன்று இலங்கையில் கரைதொட்ட 'டித்வா'வோ கண் திறக்குமளவு வலுப்பெறவே இல்லை. ஆயினும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவுகளால் மிக மோசமாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. கொன்றது காற்றன்று, மெல்ல நகர்ந்த முகில்கள் மலைமீது கொட்டிய மழை.

செய்மதிப் படத்தில் கண்ணைத் தேடிப் புயலை எடைபோடுவது கரையோரத்துக்குப் பொருந்தலாம். சரிவுகளில் லயன் வரிசைகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு மழைமானியே உயிர்காக்கும் கருவி. 24 மணிநேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தாலே வெளியேற வேண்டும் என்பது இங்குள்ள எச்சரிக்கை அளவுகோல். வெளியேறிப் போவதற்குப் பாதுகாப்பான நிலம் அவர்களுக்கு எங்கே என்பதே இன்னும் விடையற்ற வினா.