தானாக வரும் அப்டேட்டும் தீவகத்து வீட்டுக் கணினியும்

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளியானபோது, வீட்டுப் பாவனைக்கான ‘ஹோம்’ பதிப்பில் அப்டேட் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை பாவனையாளரிடமிருந்து போய்விட்டது. கணினி தானே தரவிறக்கும், தானே நிறுவும், தானே மறுபடி தொடங்கும். இணையம் அளவில்லாமல் கிடைக்கும், மின்சாரம் இடையில் நிற்காது என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு இது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. சூரிய சக்தி, காற்றாலைத் திட்டத்துக்கு இந்திய நிறுவனம் ஒன்றுடன் உடன்படிக்கை கைச்சாத்தானதே 2024 மார்ச்சில்தான். கட்டமைப்போடு இணைந்த ஊர்காவற்றுறையும், 2022 மார்ச் இறுதியில் நாடே 13 மணித்தியால மின்வெட்டில் கிடந்ததை மறந்திராது. அப்டேட் ஓடும்போது ‘கணினியை நிறுத்த வேண்டாம்’ என்று திரையில் வரும். நிறுத்துவது நாமா, மின்சாரமா? பெரும்பாலும் விண்டோஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால், நெடுந்தீவுக்காரர் கணினியைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில் வந்து, பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறவேண்டும்.

டேட்டா அடுத்த தலையிடி. எந்த வைஃபையையும் அளவில்லாத இணைப்பு என்றே விண்டோஸ் முதலில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் மாத முடிவுக்கு 3 ஜிபிதான் மிச்சம் என்பது அதற்குத் தெரியாது. இது நம்முடைய பிரச்சினை மட்டுமல்ல. 2016இல் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் காட்டுக்குள் வேலை செய்த சிங்கோ வனவிலங்குப் பாதுகாப்புக் குழுவின் நன்கொடை மடிக்கணினி ஒன்று, கேளாமலேயே விண்டோஸ் 10ஐத் தரவிறக்கத் தொடங்கி, அவர்களின் மெலிந்த இணைப்பை உறிஞ்சியது.

இதற்கு வழி உண்டு. செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், நீங்கள் இணையும் வைஃபையின் ‘புரொப்பர்ட்டீஸ்’ஐத் திறந்து, ‘மீட்டர்ட் கனெக்சன்’ என்பதை ஒன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் நின்றுவிடும். ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். வீட்டு ரவுட்டருக்குச் செய்தது கைபேசிக்குச் செல்லாது. அப்டேட் பக்கத்தில் உள்ள ‘போஸ்’ 35 நாட்கள் வரை தள்ளிப்போட உதவும்.

அப்டேட்டை முழுக்க நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வன்னாக்ரை’ நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு இப்போது எதிர்மாறான சிக்கல்: வழமையான இலவச அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன.

ஆகவே நாளை நீங்களே தெரிவுசெய்யுங்கள். இரவு டேட்டா மிச்சமிருக்கும் ஒரு நாள், மடிக்கணினியின் பற்றரி நிறைந்திருக்கையில், மேசைக் கணினியென்றால் யூபிஎஸ்ஸுடன். அதற்கு முன் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும் படங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்: 2018 ஒக்டோபர் அப்டேட் சிலரின் கோப்புகளையே அழித்ததால், மைக்ரோசொஃப்ட் அதைச் சில நாட்களிலேயே இடைநிறுத்த வேண்டியிருந்தது.