பாட்டியிடம் கேட்டு எழுதி வா

1937-ஆம் ஆண்டு அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு சிறு புத்தகம் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் கேள்விகள். ஊரில் புதையல் கதை ஏதும் உண்டா? கொல்லன் பட்டறை எங்கே இருக்கிறது? மருவுக்கு என்ன கைவைத்தியம்? மழை வரப்போவதை எப்படிக் கண்டுகொள்வார்கள்? மொத்தம் 55 தலைப்புகள். 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் வழக்கமான கட்டுரைப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும்.

புத்தகத்தை எழுதியவர் ஷான் ஓ சூலவான். 1935-இல் அரசு அமைத்த நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் ஆவணக் காப்பாளர். ஆணையத்திடம் இருந்த களப்பணியாளர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கதை தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சேகரிப்பாளர்களாக்கும் யோசனைக்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

ஆணையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் டெலார்ஜிக்கு இந்த மனிதர்களின் அருமை முன்பே தெரியும். 1923-இல் ஐரிஷ் மொழி பழகக் கெர்ரி கடற்கரைக்குப் போனவர், அங்கே ஷான் ஓ கொனல் என்ற விவசாயியைச் சந்தித்தார். பள்ளிக்கூடமே போகாதவர் அவர், ஆங்கிலமும் தெரியாது. மனத்தில் மட்டும் பெரிய கதைக் களஞ்சியம். கேட்க ஆள் குறைந்துபோன காலத்தில், மறந்துவிடுமோ என்று அஞ்சித் தனியே இருக்கும்போது தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டவர். 1931-இல் அவர் இறந்தார். டெலார்ஜி அவர் வாயிலிருந்து எழுதியெடுத்த கதைகள் 1948-இல்தான் நூலாயின.

பள்ளிகள் வழியே நடந்த இந்தச் சேகரிப்பில் ஒரு முரண் உண்டு. பெரியவர்களின் பேச்சை இளக்காரமாகப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கியதில் பள்ளிக்கூடத்துக்கே பெரும் பங்கிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு விழும். வெட்டுகளை எண்ணி அடி கிடைக்கும். அப்படி அடி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளைத்தான் அதே பள்ளிக்கூடம் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு தாத்தாவிடம் அனுப்பியது.

வந்து குவிந்தவை ஏராளம். கொல்லன் இரும்பைக் குளிர்விக்கும் தொட்டித் தண்ணீர் மருவைப் போக்கும் என்றார் ஒருவர். தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை என்றார் இன்னொருவர் (நம்மூரில் இந்த வேலை தட்டானுக்கு). வெண்ணெய் கடையும்போது செய்யக்கூடாதவை, விடுகதைகள், 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றித் தாய் தந்தையர் சொன்ன நினைவுகள் என எல்லாம் பிள்ளைக் கையெழுத்தில் ஏறின. சொன்னவரின் பெயர், ஊர், பல இடங்களில் வயதும் அடியில் குறிக்கப்பட்டன. அந்த ஒரு வரிதான், தெருக்கோடி வீட்டுப் பாட்டியை அறிவுக்கு உரிமைக்காரியாக அரசு ஆவணத்தில் உட்கார வைத்தது.

சுமார் 5,000 பள்ளிகள் பங்கெடுத்தன. தேர்ந்தெடுத்த கட்டுரைகள் பெரிய ஏடுகளில் படியெடுக்கப்பட்டன. பிள்ளைகளின் நோட்டுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். எல்லாமே முத்து என்று சொல்ல முடியாது. ஆர்வமுள்ள ஆசிரியர் வாய்த்த பள்ளியில் விளைச்சல் நன்றாக இருந்தது. மற்ற இடங்களில் கடனுக்கு எழுதியதும் உண்டு. பெரிய குறை வேறொன்று. ஊர் ஊராகச் சென்று தகர வேலை செய்து பிழைத்த நாடோடி மக்களைப் பற்றி ஒரு தலைப்பு இருந்தது. ஆனால் அவர்களைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டார்களே ஒழிய, அவர்களிடம் கேட்டது அரிது.

இந்தத் தொகுப்பு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது; இணையத்தில் யாரும் படிக்கலாம். விடுமுறைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை தேடும் பெற்றோர் அந்த 55 தலைப்புகளில் இரண்டைக் கடன் வாங்கலாம். தாத்தா பாட்டியோடு நிறுத்தாமல், தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடமும் பிள்ளையை அனுப்புங்கள்.