காவலில் இருந்த பொன்

களவைப் பழிக்கும் உலகம் களவுக் கதையை மட்டும் ஆவலோடு கேட்கின்றது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஆசிரியர் எரோதோட்டஸ் எகிப்து நாட்டுக் கதையொன்றை எழுதிவைத்தார். அரசனுடைய கருவூலத்தைக் கட்டிய சிற்பி, ஒரு கல்லை மட்டும் எளிதில் பெயர்க்குமாறு அமைத்து, அந்த இரகசியத்தை மரணத் தறுவாயில் தன் மைந்தர் இருவருக்கும் உரைத்தான். முத்திரை குலையாமலே பொருள் குறைந்தது. அரசன் பொறி வைத்தான். அகப்பட்ட சகோதரன், தன்னை எவரும் அடையாளங் காணாதிருக்கத் தன் தலையைக் கொய்து செல்லுமாறு மற்றவனை வேண்டினான். அவ்வாறே செய்து தப்பியவனுடைய மதிநுட்பத்தை வியந்து, அரசன் முடிவில் தன் மகளையே மணமுடித்துக் கொடுத்தானாம்.

நேயர்களே, இதற்கு இணையான கதை நம் சோழ நாட்டிலும் உண்டு. திருவரங்கத் திருப்பணிக்குப் பொருள் வேண்டிய திருமங்கையாழ்வார், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரையின் பொற்படிமத்தைக் கவர்ந்தார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். உடன்பிறந்தாரைப் போன்ற துணைவர் நால்வர் அவருக்கு இருந்தனர்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். ஒவ்வொருவர் தொழிலையும் அவரவர் பெயரே சொல்லிவிடுகின்றது.

திரும்பும் வழியில் திருக்கண்ணங்குடியில் படிமத்தைச் சேற்றில் புதைத்து, அருகிலிருந்த புளியமரத்தைக் காவல் வைத்து உறங்கினார் ஆழ்வார். உழவன் ஏர் பூட்டி வந்தபோது மரம் இலைகளைச் சொரிந்து அவரை எழுப்பிற்று. அதனால் ‘உறங்காப்புளி’ என்ற பெயர் நிலைத்தது. தேடிவந்த பௌத்தரிடம், ஓராண்டுக்குப் பின் சிறுவிரல்வரை திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து, தவணை நாளில் சிறுவிரலை மட்டும் கொடுத்தனராம். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்த்துப் பழகிய நமக்கு, ‘வரை’ என்னும் ஒரு சொல் செய்த வேலை நகைப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருகின்றது.

ஆயினும் சரித்திரம் வேறு வினாக்களை எழுப்புகின்றது. ஆழ்வார் காலம் 8-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கொள்கை. புகழ்பெற்ற சூளாமணி விகாரையோ ஸ்ரீவிஜய மன்னரால் எழுந்தது. அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கியது 1006-ஆம் ஆண்டளவில். ஆகவே கதையில் வரும் விகாரை அதுவன்று. பொற்படிமம் உருகியதற்குக் கதையன்றிச் சான்றில்லை. பௌத்தர் நாகையில் வாழ்ந்ததற்கோ மண்ணே சான்று. 1856 முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை செம்பின் கலவையால் ஆனவை. இடுக்கண் நேர்ந்த காலத்தில், வழிபட்டவர்களே அவற்றைப் புதைத்திருத்தல் கூடும்.

அப்படிமங்களில் சில மும்பை மாநகருக்கும் வந்துள்ளன. மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ இரயிலேறி, கோட்டைப் பகுதியில் உள்ள சத்திரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தை அடைந்தால், நாகையின் கைவண்ணத்தை அங்கே காணலாம். தாராவியில் பிறந்து சோழ நாட்டையே காணாத நம் குழந்தைகளுக்குத் திருடர்தம் சாமர்த்தியத்தை நாம் சுவைபடக் கூறலாம், தவறில்லை. பொருளைப் பறிகொடுத்து, ஒரு சிறுவிரலோடு ஊர் திரும்பியவர்களின் துயரத்தையும் அதனுடன் சேர்த்துச் சொல்வோமாக. காவலில் இருந்த பொன் கதையாயிற்று. காவலின்றி மண்ணில் கிடந்த செம்பே நம் கண்முன் நிற்கின்றது.