எல்லாம் தெரியும், ஆனா சொல்ல மாட்டார்

கதை எழுதிப் பழகுகிறவர்கள் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு: 'நான்' என்று எழுதினால்தான் நெருக்கம் வரும், எல்லாம் தெரிந்த கதைசொல்லி என்றால் எட்ட நின்று பேசுகிற பழைய ஆள். தஸ்தயேவ்ஸ்கி விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்.

1865-ல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் சூதாடித் தோற்று, ஓட்டல் பாக்கிகூடக் கொடுக்க முடியாமல் கிடந்தார் மனுஷன். அங்கிருந்துதான் பத்திரிகை ஆசிரியர் காட்கோவுக்குக் கடிதம் போட்டார்: வட்டிக்குக் கொடுக்கும் கிழவியைக் கொல்லும் மாணவன் பற்றி ஒரு குறுநாவல் தருகிறேன், முன்பணம் வேண்டும். அதுவே 'குற்றமும் தண்டனையும்' ஆனது. முதலில் எழுதியது கொலைகாரன் தன் வாயால் சொல்லும் வாக்குமூலமாக. நவம்பர் கடைசியில், நிறைய எழுதி முடித்த பிறகு, அத்தனையையும் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார்.

மிஞ்சிய குறிப்பேடுகளில் அவர் திணறியது தெரிகிறது. காய்ச்சலில் பிதற்றுகிறவன் எப்படிக் கோவையாகக் கதை சொல்வான்? சரி, எட்டு வருஷம் கழித்துச் சொல்லட்டும் என்றால், அவன் அதற்குள் தன்னைப் புரிந்துகொண்ட ஆளாகிவிடுவான். தவிர, வாக்குமூலம் என்றால் எல்லாவற்றையும் விளக்கித் தீர வேண்டும். கடைசியில் அவர் பிடித்த வழி: கண்ணுக்குத் தெரியாத, எல்லாம் அறிந்த ஒருவர் சொல்வார், ஆனால் நாயகனை ஒரு நிமிஷமும் பிரிய மாட்டார்.

இதுல சூட்சுமம் எங்கே என்றால், தெரிந்ததை எப்போது சொல்வது என்பதில். முதல் அத்தியாயத்தில் ரஸ்கோல்னிகோவ் தெருவுக்கு வந்ததுமே 'அது' என்று ஒன்றை நினைக்கிறான். எது என்று கதைசொல்லி வாயைத் திறப்பதில்லை. கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அசாதாரண மனிதர்களுக்குக் குற்றம் செய்ய உரிமை உண்டு என்று அவன் முன்பே கட்டுரை எழுதியிருந்த சங்கதி நமக்குத் தெரிய வருவது மூன்றாம் பாகத்தில், அதுவும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி வாயால்! 'நான்' இதை இவ்வளவு நேரம் மறைத்திருந்தால் நாம் ஏமாற்று என்றுதான் சொல்வோம்.

பிரிய மாட்டேன் என்ற விதியையும் சில இடங்களில் அவரே மீறுகிறார். ஆறாம் பாகத்தில் ஸ்விட்ரிகைலோவின் கடைசி இரவு: ரஸ்கோல்னிகோவை எங்கோ விட்டுவிட்டு, மழையில் நனைந்த இந்த ஆளோடு மட்டமான ஓட்டல் அறைக்குள் போகிறார் கதைசொல்லி. அவன் காணும் கனவுகளைக்கூட ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். விடிந்ததும் அவன் தன்னையே ஏன் சுட்டுக்கொள்கிறான் என்பதற்கு மட்டும் ஒரு வரி விளக்கம் கிடையாது.