வனிலாவும் ஓர் அடிமைச் சிறுவனும்

ஐஸ்கிறீமிலும் கேக்கிலும் நாம் சுவைக்கும் வனிலா, ஓர்க்கிட் குடும்பத்துக் கொடியொன்றின் காயிலிருந்து பெறப்படுவது என்பது பலருக்குத் தெரியாது. வனிலா என்னும் இப்பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் வனிலா வோக்கரே அவற்றுள் ஒன்று, இலைகளற்ற பச்சைக்கொடி. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தாவரங்களைச் சேகரித்து ஓவியமாகத் தீட்டிய இராணுவ அதிகாரியொருவரின் மனைவி திருமதி வோக்கரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஆனால் உலகம் விரும்பும் வாசனை, மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட வனிலா பிளானிஃபோலியாவுக்கே உரியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அதை இந்து சமுத்திரத்திலுள்ள ரியூனியன் தீவுக்குக் கொண்டு சென்றனர். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தத்தையும் சூலகமுடியையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. அதைக் கடந்து மகரந்தத்தைச் சேர்க்கும் மெக்சிக்கோவின் பூச்சிகள் அங்கு இல்லை. பூவின் ஆயுளும் ஒரேயொரு நாள்தான். பெல்ஜியத்தில் சார்ள்ஸ் மொரன் 1836இல் செயற்கை மகரந்தச் சேர்க்கையில் வெற்றி கண்டபோதும், அது தோட்டங்களுக்குப் பயன்படவில்லை.

1841இல் அந்தப் புதிரை அவிழ்த்தவன் எட்மொன்ட். பிறப்பிலேயே தாயை இழந்த, 12 வயது அடிமைச் சிறுவன். மெல்லிய குச்சியொன்றால் சவ்வை உயர்த்திப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய் பிடித்தது! எசமானர் பெல்லியே போமொன் முதலில் நம்பவில்லை. பின்னர் பிற தோட்டங்களுக்கும் அவனை அனுப்பிக் கற்பிக்கச் செய்தார். 1898அளவில் தீவின் வனிலா ஏற்றுமதி 200 தொன்னை எட்டியது.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. எட்மொன்டுக்கு விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன, பணம் கிடைக்கவில்லை. நகைத் திருட்டு வழக்கில் சிறை சென்றார். பழைய எசமானரின் முறையீட்டினால் முன்கூட்டியே விடுதலையானார். இதற்கிடையே, அம்முறையைத் தாமே கற்பித்ததாகத் தாவரவியலாளர் ரிச்சார்ட் உரிமை கோரினார். பெல்லியே போமொன் கடிதங்கள் எழுதி அதனை மறுத்தார். 1880இல் எட்மொன்ட் வறுமையில் இறந்தார்.

செய்தியைக் கொண்டுவருபவர் ஒருவர், பெயர் பெறுபவர் வேறொருவர் என்பதைப் பத்திரிகைத்துறையில் நான் பலமுறை கண்டதுண்டு. எட்மொன்டின் பெயர் தப்பிப் பிழைத்தது, அடிமை கொண்டிருந்த ஒருவரின் எழுத்துச் சாட்சியத்தால் என்பது வரலாற்றின் முரண். சாட்சி சொல்ல எவருமின்றி மறைந்துபோன எட்மொன்டுகள் எத்தனை பேரோ?

இன்று மடகஸ்காரில் ஒவ்வொரு வனிலாப் பூவையும் தொடும் கைகள், அச்சிறுவனின் முறையையே பின்பற்றுகின்றன.